'ஷால்' என்னும் வினையும் சட்டத்தமிழும்

சட்டத்தமிழ் வளரக் கலைச்சொற்கள் தேவை என்பதை அனைவரும் ஒப்புவர். ஆயின், பெயர்ச்சொற்களைத் தேடுவதில் காட்டும் ஆர்வத்தை நாம் வினைச்சொற்களிடம் காட்டுவதில்லை. வழக்கின் முடிவோ பல வேளைகளில் ஒரு வினையைப் பொறுத்தே அமைகின்றது. ஆங்கிலச் சட்டநடையில் வரும் 'ஷால்' என்னும் துணைவினை இதற்குத் தக்க சான்றாகும்.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினைக்குக் 'கடன்பட்டிருத்தல்' என்னும் பொருளும் இருந்தது. கடனைக் குறிக்கும் 'ஷுல்ட்' என்னும் ஜெர்மன் சொல் இதன் உறவுச்சொல். தமிழிலும் பெற்ற பொருளுக்கும் ஆற்றும் கடமைக்கும் 'கடன்' என்பதே பெயர். நம் கல்வெட்டுகளில் வரும் 'கடவோம்' என்னும் உறுதிமொழியும் இக்கருத்தினதே.

ஆயினும் இன்று 'ஷால்' ஒரு பொருளில் நிற்பதில்லை. கட்டாயம், எதிர்காலம், வெறும் அறிவிப்பு ஆகிய மூன்றையும் அதுவே சுமக்கின்றது. அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்து கேட்பது பற்றி இந்திய அரசமைப்பின் 320ஆம் பிரிவு 'ஷால்' என்றே கூறுகின்றது. எனினும் உத்தரப் பிரதேச அரசு தொடுத்த மேல்முறையீட்டில், 1957இல், அவ்விதி கட்டாயமானதன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியர் நம்பிய வினை அவரைக் காக்கவில்லை.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசமைப்பு கடமையைக் குறிக்க 'மஸ்ட்' என்னும் வினையை ஆண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளும் 2007இல் 'ஷால்' நீக்கித் திருத்தி எழுதப்பட்டன. ஆனால் 56ஆம் விதியில் மட்டும் 2010இல் அச்சொல் மீண்டும் இடம்பெற்றது. மாற்றிய சொல் விதியின் பொருளையே மாற்றிவிடும் என்னும் அச்சமே காரணம்.

நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? 'ஷால்' வருமிடமெல்லாம் 'வேண்டும்' என்று பெயர்ப்பது பிழை. தமிழில் 'வேண்டும்' என்பது கடமையை மட்டுமன்றி விருப்பத்தையும் உணர்த்தும். இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என அறிவிக்கும் முதற்பிரிவிலும் 'ஷால்' உண்டு. அதனை 'ஒன்றியமாதல் வேண்டும்' என்று எழுதினால், நாட்டின் இருப்பே நிறைவேறாத ஆசை போல் ஒலிக்கும். அங்கு 'ஆகும்' என்பதே பொருந்தும். கடமைக்குச் 'செய்தல் வேண்டும்', உரிமைக்குச் 'செய்யலாம்', அறிவிப்புக்கு 'ஆகும்', 'எனப்படும்' என வரையறுத்துக்கொள்ளலாம். 'கடவது' என்பதை மீட்கலாமெனின், இன்றைய செவிக்கு அது சாபமாகவே கேட்கும்.

அகராதி சொல்லைத் தரும். இடமறிந்து அதனை ஆளுதல் இலக்கணம் கற்றார் பணி. சட்ட மொழிபெயர்ப்பைத் தமிழ்த்துறைகள் தம் பாடத்திட்டத்தில் சேர்த்தல் வேண்டும். இங்கு 'வேண்டும்' என்பது விருப்பமன்று, கடமையே.