நகத்தில் கறுப்பெண்ணெய்

போன மாதம் ஓர் இலக்கியச் சந்திப்பில் மூத்தவர் ஒருவர் என் விரல் நகங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்ன தம்பி, பட்டறையிலயா வேல?"

"இல்லண்ணே. அப்பாவோட சி70. வீட்டுலயே பிரிச்சுப் போட்டிருக்கேன்."

"ஓ, ரெம்பிட்டா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஹோண்டா கப் 1958இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2017க்குள் அந்த வகையில் 10 கோடி வண்டிகள் தயாராகிவிட்டன. இங்கே நமக்கு அது காப்சாய். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் மழையோடு மழையாக அப்பா வேலைக்குப் போய்வந்தது இதில்தான்.

அதைத்தான் அடுக்குமாடி நடைபாதையில் பழைய பேப்பர் விரித்துக் கழற்றினேன். 72 சிசி இஞ்சின். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், இஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.3இலிருந்து 0.4க்குள். தகட்டை நுழைத்து இழுக்கும்போது விரலில் லேசான பிடிமானம் தெரியும், அவ்வளவுதான் கணக்கு. மங்கிப்போன 6 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டுக்கு மாற்ற காயில், ரெகுலேட்டர், பேட்டரி, பல்பு எல்லாவற்றையும் மாற்றினேன். மூன்று முறை தப்பாகி நான்காவது முறை எரிந்தது. ஒரு நாவலைக்கூட நான் இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை.

இந்த அறிவுக்கு நம் எழுத்தில் என்ன இடம்? நான் வாசித்த கதைகளில் மோட்டார் வைத்திருக்கும் பையன் ஒன்று குண்டர் கும்பலில் இருப்பான், இல்லையென்றால் கடைசிப் பத்தியில் சாலையில் கிடப்பான். பால் வாளியும் வெட்டுக்கத்தியும் பக்கம் பக்கமாக வந்துவிட்டன. வரட்டும், வர வேண்டியவைதான். செந்தூல் ரயில் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிய தாத்தாக்களின் ஸ்பானர் ஏன் வரவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் கசப்பானது. முடிந்துபோன உழைப்பைத்தான் நாம் மதிக்கிறோம். தோட்டம் காடாகி, காடு வீடமைப்புத் திட்டமான பிறகு அதற்காக அழுவது சுலபம். பக்கத்து வீட்டு நடைபாதையில் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருப்பவன் உயிரோடு இருக்கிறான், சத்தம் போடுகிறான், அதனால் ரெம்பிட்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸை அறுத்துவிட்டு 'மாடிஃபை' என்கிற தம்பிமார்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் எக்ஸாஸை மட்டும் திறந்துவிட்டால் பெட்ரோல் கலவை மெலிந்து இஞ்சின் சூடேறும். அது வண்டியைப் புரிந்துகொண்டவன் செய்கிற வேலை இல்லை. இந்நாட்டுச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். பிரேக்கைச் சரிபார்க்காமல் பெயிண்ட் அடிப்பவனையும் நான் மெக்கானிக் என்று சொல்ல மாட்டேன். இஞ்சினை மாற்றினால் ஜேபிஜே அனுமதி வேண்டும் என்பதால் அப்பாவின் இஞ்சினை அப்படியே வைத்திருக்கிறேன். கிராண்ட்டில் இருக்கும் அதே எண்.

ஆனால் தறுதலையையும் தொழில் தெரிந்தவனையும் பிரித்துப் பார்க்கத்தானே எழுத்தாளனுக்குக் கண்? ஒரே சொல்லால் இருவரையும் மூடிவிட்டுச் சிரிப்பதற்கு இலக்கியக் கூட்டம் எதற்கு, காப்பிக்கடை போதுமே.

அடுத்த சந்திப்புக்கு அந்த சி70இல்தான் வருவேன். நகத்தைக் கழுவிக்கொண்டு வரப்போவதில்லை. அண்ணன் மறுபடி கேட்டால் இந்த முறை சிரிக்க மாட்டேன். வால்வு இடைவெளி எவ்வளவு என்று திருப்பிக் கேட்பேன்.