'அவங்க' இருக்கும்போது என்ன வழக்கு?

ஆங்கிலத்தில் ஒரே ஆளை 'தே' என்பது இலக்கணக் கொலையாம். அந்தத் தொற்று தமிழுக்கு வரக் கூடாதாம். அது இங்கே வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையில் "டீச்சர் வந்தாங்களா?" என்று கேட்டால், எத்தனை டீச்சர் என்று யாரும் எண்ணுவதில்லை. ஒருவரைப் பன்மையில் சொல்வதுதான் நம் மரியாதை. ஆங்கிலத்தின் 'யூ'கூட ஒரு காலத்தில் பன்மைதான்.

ஆண், பெண் பிரிவு மொழியின் இயற்கை விதி என்பது அடுத்த வாதம். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் காது கொடுங்கள். அவள் வந்தாலும் பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'தான். அதே வீட்டுப் பிள்ளை தெருவில் இறங்கியதும் தமிழில் 'வந்தா', 'வந்துச்சு' என்று பிரித்துச் சொல்கிறது. மொழிக்கு மொழி மாறுவது எப்படி இயற்கை விதியாகும்?

மரபு பேசுவோர் நன்னூலைப் புரட்டட்டும். ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால், பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால் என்கிறார் பவணந்தி. அஃறிணை முடிபுக்கும் அவர் இடம் வைத்தார், மறுக்கவில்லை. ஆனால் இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்பது நம் கையில் இருக்கிறது. 2022-இல் தமிழக அரசு, உயர் நீதிமன்ற வழக்கையொட்டி, பாலினச் சிறுபான்மையினருக்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதன் பிறகும் திருநங்கையை 'அது' என்பவருக்கு இலக்கணக் கவலை ஒன்றுமில்லை. 'அவங்க' என்று சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.