மூன்று மாதம் வரை யார் துணை?



சென்ற ஆண்டு 9ஆவது வாரத்தில் என் மகளுக்குக் கரு கலைந்தது. மறுபடி நாள் தள்ளியதும் மருத்துவமனைக்கு ஓடினோம். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போகும்போதும் ரத்தம் பட்டிருக்குமோ என்று அவள் நடுங்கியதை நான்தான் பார்த்தேன்.

பெரும்பாலான கருச்சிதைவுகள் முதல் 12 வாரங்களுக்குள்தான் நிகழ்கின்றன. மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் மத்திய அரசின் கர்ப்பிணிகள் பரிசோதனைத் திட்டமோ நான்காம் மாதத்திலிருந்துதான். எல்லாக் கருவையும் காப்பாற்ற முடியாது, தெரியும். ஆனால் ஏழாவது வாரம் ஒரு ஸ்கேன், தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனை, பதறும்போது கூப்பிட ஒரு செவிலியரின் எண்? ஒருமுறை கருவை இழந்தவர்களுக்காவது இவற்றை ஆரம்ப சுகாதார நிலையங்களில் அரசு உறுதி செய்யட்டும்.

— ஒரு தாய், மன்னார்குடி