தோழிக்கு ஒரு படம்



ஒரு கடிதத்துக்காக மாதக்கணக்கில் வாசலைப் பார்த்திருந்தவர்கள் நாங்கள். 2006 ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது அந்தக் கடிதமும் தடைப்பட்டது. இன்று முள்ளியவளையில் விடியற்காலை பூத்த செவ்வரத்தையைப் படமெடுத்து அனுப்பினால், ரொறன்ரோவில் இருக்கும் சிநேகிதி அன்றிரவு படுக்கப் போகுமுன் அதைப் பார்த்துவிடுகிறாள். கூழ்ப்பானையைப் படமெடுத்து அனுப்பினால், “நண்டைக் காணேல்லையே?” என்று பகிடி வருகிறது. நீண்ட நேரம் கதைக்கத் தெம்பில்லாத நாளிலும் ஒரு படம் அனுப்பலாம். எழுதக் கூச்சப்படுபவருக்கும் இது இலகு.

எங்களில் பலரிடம் இருப்பது வட்ஸ்அப். பிள்ளைகள் ஸ்னப்சட் என்பதையும் பாவிக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் 2011இல் தொடங்கியது அது. அனுப்பிய படம் பார்த்து முடிந்ததும் மறைந்துவிடும். கல்யாண அல்பத்தைப் பதுங்குகுழியில் விட்டு ஓடிவந்தவளுக்கு இது விசர் வேலையாகத்தான் தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் அடையாள அட்டைப் படம் ஒன்றை மட்டும் பெருப்பித்து வைத்திருக்கும் தாய்க்கும் அப்படித்தான். ஆனாலும், கலைந்த தலையோடு முகத்தைக் கோணலாக்கி அனுப்பிச் சிரித்துவிட்டு மறந்துபோவதிலும் ஒரு சுகம் இருக்கிறது. எல்லாப் படமும் பாரமாக இருக்கத் தேவையில்லை.

‘மறையும்’ என்பதை முழுதாக நம்பிவிடாதீர்கள். வட்ஸ்அப்பில் 2021 முதல் ஒருமுறை மட்டும் பார்க்கும் வசதி உண்டு. அதையும் இன்னொரு கைத்தொலைபேசியால் படமெடுத்து வைக்கலாம். அன்பாகக் கதைத்து அந்தரங்கப் படம் கேட்பவருக்கு அனுப்ப வேண்டாம். யாரும் படத்தை வைத்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், வந்த செய்திகளை அழிக்காதீர்கள். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். மிரட்டியவரின் குற்றத்துக்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

டேட்டா சீக்கிரம் முடிகிறதா? வட்ஸ்அப் அமைப்புகளில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். வேண்டியதை மட்டும் தொட்டு இறக்கலாம்.

இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். உங்கள் அல்பம் தொலைந்திருக்கலாம். ஆனால் அந்த நாளில் கல்யாணப் படம், பிள்ளையின் பிறந்தநாள் படம் என்று வெளிநாட்டுச் சொந்தங்களுக்கும் சிநேகிதிகளுக்கும் பிரதி அனுப்பினோமல்லவா? அவர்களின் அல்பத்தில் உங்கள் அம்மாவின் முகம் இன்னும் இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள். “பழைய படம் ஏதும் இருக்கோ?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் பிந்தும். “94இல் உன்ர சாமத்தியவீட்டில நாங்கள் சேர்ந்து நின்ற படம்” என்று குறிப்பாகக் கேளுங்கள்.

படத்தை யன்னல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல் எடுக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறையும். ‘ஆவணம்’ என்ற வழியால் அனுப்பினால் எடுத்தபடியே வந்துசேரும். வந்ததைத் தொலைபேசியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். அது தண்ணீரில் விழுந்தால் படமும் போய்விடும். ஸ்ரூடியோவில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சகோதரியின் வீட்டில் கொடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் பெயர்களையும் ஆண்டையும் எழுதி, மை காய்ந்த பிறகு உறையில் இடுங்கள்.