சாரதி சொன்ன சத்தம்

வியாபாரத்தில் நட்டம் என்றால் அது சந்தையிலிருந்துதான் வரும் என்று நம்மில் பலர் நினைக்கின்றோம். சில வேளைகளில் அது லொறியின் எஞ்சினுக்கு முன்னால் சுழலும், உள்ளங்கையளவு கப்பி ஒன்றிலிருந்தும் வருகின்றது. என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு நோன்பு மாதம். எங்கள் லொறி புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் சீனி, பருப்பு, வெங்காயம் ஏற்றிக்கொண்டு கண்டிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. பாதிச் சாமான் என்னுடையது. மீதி எங்கள் ஊரின் சில்லறைக் கடைக்காரர் மூவருடையது. மாவனல்லை தாண்டி, கடுகண்ணாவ ஏற்றத்தில், மாலை மழையில் பெல்ட் கழன்றுவிட்டது. வளைவில் நிறுத்த இடமில்லை. பின்னால் பஸ் வரிசை. ஒதுக்குமிடம் தேடி சாரதி சிறிது தூரம் ஓட்டினார். அதற்குள் எஞ்சின் கொதித்து ஹெட் கெஸ்கட் போய்விட்டது. விடியும்வரை லொறி அங்கேயே நின்றது. தார்ப்பாய்க்குள் தண்ணீர் இறங்கி சீனி மூடைகள் நனைந்தன.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "பெல்ட் போனால் எஞ்சினை நிறுத்தத் தெரியாதா? நட்டத்தைச் சம்பளத்தில் வெட்டுவேன்" என்று நாலு பேர் முன்னால் சாரதியை ஏசினேன். அவர் பதில் பேசவில்லை.

கராஜில் பாஸ் கழற்றிய டென்சனரை என் கையில் தந்தார். "ஹாஜியார், சுத்திப் பாருங்க" என்றார். கப்பி சுழலும்போது உள்ளே மணல் அரைபடுவது போலிருந்தது. "இது ஒரு நாளில் போனதில்ல. வாரக்கணக்கா சத்தம் போட்டிருக்கும்" என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று வாரங்களுக்கு முன்பே, "முதலாளி, காலையில ஸ்டார்ட் பண்ணக்குள்ள முன்னால கீச்சென்டு சத்தம் வருது" என்று சாரதி சொல்லியிருந்தார். "கொஞ்சம் சவர்க்காரம் தேய்ச்சி ஓட்டுங்க, பெருநாள் முடியட்டும்" என்று சொன்னவன் நான்தான்.

பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிப்பது டென்சனரின் வேலை. எங்கள் லொறியில் தண்ணீர்ப் பம்ப், விசிறி, ஒல்டர்னேட்டர் மூன்றையும் அந்த ஒரே பெல்ட்தான் சுழற்றுகின்றது. பாரத்துடன் மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்றுத் தருவது பெரும்பாலும் விசிறிதான். பெல்ட் போனால் மூன்றும் ஒன்றாக நிற்கும். சவர்க்காரம் சத்தத்தை மறைக்குமே தவிர, தேய்ந்த பெயாரிங்கைத் திருத்தாது.

இதைப் பரிசோதிப்பது பெரிய வித்தையல்ல. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கரகரத்தாலோ, பிடித்து ஆட்டும்போது ஆடினாலோ பெயாரிங் முடிந்துவிட்டது. கிறீஸ் வற்றிய பெயாரிங் தடையே இல்லாமல் நீண்ட நேரம் சுழலும். அதை நல்லதென்று நம்பி ஏமாறக்கூடாது. பெல்ட்டின் ஓரம் நார்நாராகப் பிரிந்திருந்தால் கப்பி சாய்ந்து ஓடுகின்றது என்று அர்த்தம்.

இங்கேதான் நம்மவர்கள் இரண்டாவது தவறைச் செய்கின்றார்கள். பெயாரிங்கை மட்டும் மாற்றினால் போதும் என்பார்கள். டென்சனரின் கையும் ஸ்பிரிங்கும் நன்றாக இருந்தால் அது சரி. கை ஆடினால், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், புதிய பெயாரிங்கும் புதிய பெல்ட்டும் சேர்ந்தே வீணாகும். அப்போது டென்சனரை முழுதாக மாற்றுவதே சிக்கனம். அதே பெல்ட்டில் ஓடும் மற்றக் கப்பிகளும் அதே தூரம் ஓடியவைதான். அவற்றையும் அன்றே பார்த்துவிட வேண்டும்.

பஞ்சிகாவத்தையில் பெயாரிங் வாங்கும்போது இலக்கம் மட்டும் போதாது. 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிப்பு 12 மில்லிமீற்றர். போலியிலும் அதே இலக்கம்தான் பொறித்திருக்கும். தெரிந்த கடையில், பில்லுடன் வாங்குங்கள். கப்பிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் சுத்தியலால் அடித்தால் பெயாரிங் ஓடுமுன்பே காயப்பட்டுவிடும்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே நம்மில் பலரிடம் இருப்பது பழைய லொறிகளே. அவற்றை நம்பித்தான் பிறருடைய சாமானையும் ஏற்றுகின்றோம். அந்தச் சாமான் நம்மிடம் அமானிதம். நனைந்த சீனிக்கு மூவருக்கும் நான் பணம் கொடுத்தேன். அதையும் எஞ்சின் செலவையும் கூட்டினால் டென்சனரின் விலையைப் போல் பல மடங்கு. ஊசி போவதைப் பார்த்து உலக்கை போவதை விட்ட கதைதான்.

சாரதியின் சம்பளத்தில் சதமும் வெட்டவில்லை. எந்த நாலு பேர் முன்னால் ஏசினேனோ, அதே நாலு பேர் முன்னால் அவரிடம் மாப்புக் கேட்டேன். இப்போது லொறியில் ஒரு கொப்பி இருக்கின்றது. சாரதி கேட்கும் சத்தத்தைத் திகதியுடன் அதில் எழுதுவார். அதைப் பார்த்து நான் ஒப்பமிடுவேன். ஒப்பமிட்ட பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாதல்லவா? லொறி வைத்திருக்கும் சகோதரர்களே, நாளைக் காலை உங்கள் சாரதியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.