ஓட்டத் தேர்வும் உடல்தகுதியும்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில், எழுத்துத் தேர்வில் வென்ற ஆண்கள் 1,500 மீட்டர் தொலைவை 7 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் வன்னியம்பட்டி போன்ற ஊர்களில் நூற்பாலைக் கூலிக்கும் பட்டாசுத் தொழிலின் ஆபத்துக்கும் அப்பால் நிலையான ஊதியம் தேடும் குடும்பங்களுக்கு, அந்த 7 நிமிடங்கள் வாழ்வின் திசையையே மாற்றக்கூடியவை.

இத்தகைய தேர்வு எந்த அளவுக்கு விபரீதமாகலாம் என்பதை ஜார்க்கண்ட் காட்டியது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அங்கு கலால் காவலர் பணிக்கு நடந்த தேர்வில், ஆண்கள் 60 நிமிடங்களில் 10 கி.மீ. ஓட வேண்டியிருந்தது. பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். தேர்வு சில நாள்கள் நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர், ஓட்டத் தொலைவு 1,600 மீட்டராகக் குறைக்கப்பட்டது.

மணிக்கு 10 கி.மீ. என்பது நம் காவலர் தேர்வு கோரும் வேகத்தைவிடக் குறைவுதான். ஆனால், ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பம் உடலில் சேர்ந்துகொண்டே போகும். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாது. தசைகளுக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்ப இதயம் திணறும். வெயிலுக்கு உடல் பழக ஏறத்தாழ இரு வாரங்கள் தேவை. குளிரூட்டிய பயிற்சி மையத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து படித்தவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

அமெரிக்க விமானப் படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனை, உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதை மதிப்பிட உதவியது. அங்கே ஓட்டம் ஓர் அளவுகோல். வேலைக்கான தேர்விலோ அது வடிகட்டி. ஓடி முடித்தவரின் நாடித்துடிப்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு தணிகிறது என்பது இதயத்தின் நிலையை உணர்த்தும் எளிய குறியீடு. கடிகாரத்துக்கு அது தெரியாது.

பொருளியல் நோக்கில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பரிசு பெரிது, அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்பது நிச்சயமில்லை. இந்நிலையில் நெஞ்சு வலித்தாலும் நிற்காமல் ஓடுவதே தேர்வருக்கு ஆதாயமாகத் தோன்றும். காய்ச்சலை மறைப்பார், ஊக்க மருந்தை நாடவும் துணிவார். எனவே, 'உடல்நலம் சரியில்லையெனில் ஓட வேண்டாம்' என்ற அறிவுரையால் பயனில்லை. தேர்வரின் பாதுகாப்பைத் தேர்வை நடத்துபவரே ஏற்க வேண்டும்.

பொதுவாக மருத்துவப் பரிசோதனை தேர்வின் கடைசிக் கட்டமாகவே வைக்கப்படுகிறது. ஓட்டத்தைத் தாங்கும் உடலா என்பதை ஓடிய பிறகு அறிவதால் என்ன பயன்? ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, குடும்பத்தில் இதய நோய் வரலாறு ஆகியவற்றை முன்கூட்டியே அறியச் சில நிமிடங்களும் சொற்பச் செலவும் போதும். உடல் நலமில்லாதவருக்கு மாற்றுத் தேதி உண்டு என்ற உறுதி இருந்தால், மறைக்க வேண்டிய தேவையும் குறையும். ஓட்டம் வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். மைதானத்தில் குளிர்ந்த நீரும் மருத்துவக் குழுவும் இருக்க வேண்டும்.

நீண்டகாலத் தீர்வு பள்ளியில்தான் தொடங்குகிறது. உடற்கல்வி வேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கும் வழக்கம் தொடரும் வரை, பன்னிரண்டு ஆண்டுகளில் சேர்க்க வேண்டிய உடல்தகுதியைச் சில வாரங்களில் ஈட்ட நம் இளைஞர்கள் முயன்றுகொண்டுதான் இருப்பார்கள். அதற்கு அவர்கள் தரும் விலை உயிராக இருந்துவிடக் கூடாது.