அடிபம்பு சொன்ன கணக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சுவழிப் பள்ளியில்தான் பாஸ்கல் எனக்கு அறிமுகம். அடிபம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பிஸ்டன் மேலே போகும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஒரு மீட்டர் ஏற்ற 9.8 கிலோபாஸ்கல் வேண்டும். காற்றிடம் இருப்பதோ 101. ஆகவே தரைமேல் நிற்கும் எந்தப் பம்பும் 10.3 மீட்டருக்குக் கீழிருந்து உறிஞ்சாது. நடைமுறையில் 7 மீட்டர்தான்.

எங்கள் வீட்டு அடிபம்பு நின்றபோது மூன்று முறை வாஷர் மாற்றினேன். பழுது வாஷரில் இல்லை, நீர்மட்டம் இறங்கிவிட்டது. பிறகு ஊரோடு சேர்ந்து நானும் ஆழ்துளை போட்டு மோட்டாரை இறக்கினேன்.

காற்று போட்ட எல்லையை மின்சாரத்தால் தாண்டிவிட்டோம். இனி எல்லையை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறவருக்கு மோட்டார் போட உரிமை இல்லை என்பேன். என்னையும் சேர்த்துத்தான்.